கூடுதலாக ஒரு ச்

அந்தப் படக்கதையை ஒழித்துக்கட்டாமல் கண்ணை மூடுவதில்லை என்று புள்ளிக்காரர் சபதம் எடுத்தார். எடுத்தது குளியலறையில், வாய் நிறைய நுரையோடு. அதனால் சாட்சி யாருமில்லை.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை அச்சடிக்கும் அச்சகத்தில் அவர் பிழை திருத்துபவர். ‘தலைசுற்றல், வாந்தி, அரிதாக மரணம்’ என்ற வரியில் கால்புள்ளி ஒரு சொல் தள்ளி விழுந்தால் வாந்தி அரிதாகி, மரணம் சகஜமாகிவிடும். அதைத் தடுப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். பெரும்புள்ளி ஆக ஆசைப்பட்டவர், மெய்யெழுத்தின் புள்ளியோடு நின்றுவிட்டார். அச்சகத்தில் வைத்த பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் சிவப்புப் பேனா ஓயவில்லை. மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைப்பவள். குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டிவைப்பாள்: ‘உங்களைக் கூப்பிட முயற்ச்சி பண்ணேன். எடுக்கல.’ அவர் ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்லமாட்டார். ‘முயற்சி’ என்பதில் கூடுதலாக நிற்கும் ச்-ஐ வட்டமிட்டு, மெஷின் பக்கத்தில் போய் நின்று ஐந்து நிமிடம் விளக்குவார். இருபத்தாறு வருஷமாக அதே ச். அதே வட்டம்.

ஒரே பிள்ளை. வீட்டைவிட்டுக் கிளம்பி இரண்டு வருஷம் ஆகிறது. “நான் ஆணும் இல்ல, பெண்ணும் இல்லப்பா. என்னைப் பத்திப் பேசும்போது ‘அவர்’னு சொல்லுங்க, போதும்” என்று சாப்பாட்டு மேஜையில் கேட்ட பிள்ளை.

“பெத்த பிள்ளைக்கு ர் போட நான் என்ன உன் குமாஸ்தாவா?” என்றார் புள்ளிக்காரர். அதோடு நிறுத்தியிருக்கலாம். சொல்நயம் பொங்கிவிட்டது. “அவனும் வேண்டாம், அவளும் வேண்டாம்னா, ‘அது’ன்னு வச்சுக்கறேன்.”

தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. வாசல் கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. அறைந்து சாத்தியிருந்தால்கூடக் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் இணையத்தில் வாராவாரம் வரும் அந்தப் படக்கதைதான் என்பது அவர் முடிவு. பிள்ளைக்கு அதன்மேல் உயிர். அதுவரை அவர் அதை எட்டிப் பார்த்ததில்லை. பார்க்கவைத்தது மனைவி.

“என்னத்தை இவ்வளவு உத்துப் பாக்கற?”

“நீங்க பாக்காதீங்க. பிரஷர் ஏறும்.”

“ஏன்?”

“வரிக்கு ரெண்டு எழுத்துப்பிழை.”

அவ்வளவுதான். போனைப் பிடுங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் சபதம்.

“எனக்கும் இதுல எழுதணும். வழி பண்ணிக் குடு.”

“பேரு கேக்குது. என்ன போடட்டும்?”

“செம்பேனா.”

அவள் முகத்தில் ஓர் இழைகூட அசையாமல் தட்டிக் கொடுத்தாள்.

கதையின் நாயகர் சாம்பல். ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. பூட்டுத் திறக்கும் தொழில். திறக்கச் சொன்ன பூட்டைத் திறப்பதைவிடச் சொல்லாத பூட்டைத் திறப்பதே அதிகம். வாயைத் திறந்தால் பொய். கூட்டாளி தூறலும் அந்த வகையே. பொறாமை வந்தால் நண்பர்களைக் காட்டிக்கொடுக்கிற ஆள். கீழே வாசகர்கள் கருத்தெழுதும் இடம் சந்தைக்கடை. ஒரு கட்சி சாம்பலின் முடிக்காகவே கொலைக்குற்றத்தையும் மன்னிக்கத் தயார். இன்னொரு கட்சிக்கு நெஞ்செரிச்சல்: ‘எங்களைப் போன்றவர்கள் கதையில் வருவதே அபூர்வம். வந்ததும் திருடராகவா வரவேண்டும்?’ மூன்றாவது கட்சி: ‘கெட்டுப்போக எங்களுக்கு மட்டும் உரிமை இல்லையா?’

புள்ளிக்காரருக்குத் தோதான களம். கதையின் எழுத்துப்பிழைகளை வரிசையாகத் திருத்திவிட்டு, முதல் கருத்தைப் போட்டார்: ‘சாம்பல் ஒரு திருடன்.’ ஐந்தே நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். ‘இங்கே சாம்பலை அவர் என்றுதான் குறிப்பிட வேண்டும்’ என்று அறிவிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றி எழுதினார்: ‘அவர் ஒரு திருடர். பொய்யர். மகா மோசக்காரர்.’ திட்டும்போதே கும்பிட்டுக்கொண்டு திட்டுவதுபோல் இருந்தது.

உடனே பதில் வந்தது. எழுதியவர் பெயர் ‘கிழிந்த குடை’.

‘செம்பேனா, சாம்பல் மோசமானவர்தான். நல்லவரா இருந்தாத்தான் மரியாதைன்னா அது மரியாதை இல்ல, சம்பளம்.’

அன்றிலிருந்து தினமும் சண்டை. காலையில் அச்சகம் போகும் பேருந்தில் அவர் ஒரு குத்து விடுவார். மாலை திரும்பும்போது குடை விரித்துக் காத்திருக்கும். எட்டு மாதம். எட்டு மாதமும் தப்பாமல் அவர், இவர், வந்தார், பொய் சொன்னார். கை பழகிவிட்டது. நாக்கும். “சாம்பல் இந்த வாரமும் ஏமாத்திட்டார்” என்று ஒருநாள் சட்டை மாட்டிக்கொண்டே தனக்குத்தானே சொன்னார். மெஷின் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

நாற்பத்தோராம் பாகத்தில் சாம்பல், நோயாளி அப்பாவை மருத்துவமனை நடைவழியில் கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மூன்று கட்சியும் ஒன்றாயின. ‘பெத்தவனை விட்டுப்போன பாவி சாகணும்’ என்று நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். வரைபவர் ஓட்டெடுப்பே வைத்துவிட்டார்: சாம்பல் இருக்கலாமா, சாகலாமா?

சபதம் நிறைவேறும் நேரம். புள்ளிக்காரர் காலைப் பேருந்தில் குற்றப்பத்திரிகை எழுத உட்கார்ந்தார். ஆதாரம் திரட்டப் பழைய பாகங்களைப் புரட்டினார். பன்னிரண்டாம் பாகம், மூன்றாம் கட்டம். வாசலைக் காட்டி அந்த அப்பா சொல்கிறார்: ‘அது போகட்டும்.’ வாசகர்கள் எல்லோரும் தாண்டிப் போயிருந்தார்கள். ஒரு சொல்லையும் தாண்டக்கூடாது என்பதற்காகவே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவரால் தாண்ட முடியவில்லை. பேருந்து அச்சகத்தைக் கடந்து நான்கு நிறுத்தம் போய்விட்டது.

கடைசியில் எழுதியது இதுதான்: ‘அவர் விட்டுப்போனது தவறு. ஆனால் பன்னிரண்டாம் பாகத்தில் அப்பா அவரை அது என்றார். அச்சுப்பிழை அல்ல. அந்த ஆள் தெரிந்தேதான் சொன்னான்.’ இருக்கலாம் என்று ஓட்டும் போட்டார்.

மாலை வீடு திரும்பியதும் கிழிந்த குடையின் பதில் வந்தது: ‘இதைச் சொல்ல ரொம்ப முயற்ச்சி எடுத்திருக்கீங்க, செம்பேனா.’

முயற்ச்சி.

அவர் அந்த எழுத்தைப் பார்த்தார். மெஷினில் குனிந்திருந்த மனைவியைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் அவள் பையோடு வந்து நின்றாள். “அக்காவுக்கு முட்டி ஆபரேஷனாம். போய்ட்டு வரேன்.”

ஓட்டெடுப்பில் சாம்பல் தோற்றார். அடுத்த பாகத்தில் ஆளில்லாத பூட்டுக்கடை மட்டும் வரையப்பட்டிருந்தது. கிழிந்த குடையிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஒருநாள், மூன்று நாள், ஐந்து நாள். குடை தன் பெண்டாட்டிதான், அக்கா வீட்டில் அவளுக்குப் போன் தட்ட நேரமில்லை என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனாலும் அச்சகத்தில் ‘அரிதாக மரணம்’ என்ற வரி வந்தபோது பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தார். ஏழாம் நாள், வெட்கத்தைவிட்டு எல்லோரும் பார்க்க எழுதினார்: ‘கிழிந்த குடை எங்கே? அவர் நலமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.’

ஒன்பதாம் நாள் காலை மனைவி வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. பையை வைத்துவிட்டு நேராக மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

புள்ளிக்காரர் ஒரு தாளை நீட்டினார். “ஒரே ஒரு வார்த்தை எழுது. முயற்சி.”

“வந்ததும் வராததுமா பரீட்சையா?”

“எழுதேன்.”

தையல் சாக்குக்கட்டியால் எழுதினாள். முயற்ச்சி.

“மாட்டிக்கிட்டியா! நீதான் கிழிந்த குடை!”

“நான் குடையும் இல்ல, கம்பியும் இல்ல.”

“அப்ப இந்த ச்?”

“இந்த ச்சோட நான் யாருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தேன்? யோசிங்க.”

அவர் யோசித்தார். யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. உட்கார நாற்காலி தேடினார்.

“எட்டு மாசமா...”

“பிள்ளைக்கு முதல் நாளே தெரியும், அது நீங்கதான்னு. உலகத்துல வேற யாரு திட்டறதுக்கு முன்னாடி எழுத்துப்பிழையைத் திருத்துவா?”

“அப்ப உங்க அக்கா முட்டி?”

“முட்டி கல்லு மாதிரி இருக்கு. பிள்ளைக்குக் குடல்வால் வெடிச்சு வயிறெல்லாம் சீழ். ரெண்டு ஆபரேஷன். நாலு நாள் கண்ணே திறக்கல.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா நர்ஸ்கிட்ட என்னன்னு கேட்டிருப்பீங்க? ‘அது எந்த வார்டு’ன்னா?” அவள் நூலைக் கோத்தாள். ஊசிக்கண்ணில் நுழையவில்லை, மறுபடி கோத்தாள். “தொட்டில்ல கிடந்தப்பவும் அதே வார்த்தைதான். ‘அது சிரிக்குது பாரு’ன்னு என்னை எழுப்பிக் காட்டுவீங்க.”

வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். கிளம்பவில்லை.

“இப்ப...” புள்ளிக்காரர் அந்தத் தாளை நாலாக மடித்தார். “இப்ப அவர் எப்படி இருக்கார்?”

சக்கரத்தின்மேல் இருந்த அவள் கை அப்படியே நின்றது. “தையல் பிரிச்சாச்சு. கஞ்சி குடிக்கலாம்.”

“நான் பேசினா, என்னன்னு கூப்பிடறது? எழுதறது சரி. நேர்ல எப்படி பெத்த பிள்ளையை அவர், இவர்னு...”

“நேர்ல ‘நீ’தானே? ‘நீ’யில ஆண் எங்க, பெண் எங்க? நீங்கதானே இலக்கணம் படிச்சவர். எதிர்ல வச்சுப் பேசற யாருக்கும் இந்தத் தகராறே கிடையாது. முதுகுக்குப் பின்னால பேசறவங்களுக்குத்தான் அவன், அவள், அது.”

போன் சிணுங்கியது. ஏழாம் நாள் கேள்விக்குக் கீழே பதில்: ‘செம்பேனா, உயிரோடதான் இருக்கேன். ஒரு தடவை வர முயற்ச்சி பண்ணுங்கப்பா.’

அவர் வெகுநேரம் எழுத்துகளைத் தேடித்தேடித் தட்டினார். நடுவில் கண்ணாடியைத் துடைத்தார். கறை கண்ணாடியில் இல்லை. ‘நீ சாப்பிட்டாயா? இப்போதே கிளம்புகிறேன்.’ அனுப்பினார். கை கேட்கவில்லை. இன்னொரு வரியும் அனுப்பினார்: ‘முயற்சிக்கு ச் வராது.’

‘தெரியும்ப்பா. அது இருந்தாத்தான் நீங்க வருவீங்கன்னு போட்டேன்.’

புள்ளிக்காரர் கண்ணாடியை மறுபடி துடைத்தார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்ன வெற்றி. போனை மனைவி முகத்துக்கு நேரே நீட்டினார். “பாத்துக்க. பிள்ளைக்குச் சரியான எழுத்து தெரிஞ்சிருக்கு. உனக்குத்தான் இருபத்தாறு வருஷமாச் சொல்லியும் ஏறல.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“எனக்கும்தான் தெரியும். அந்த ச் இல்லாட்டி இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்து நின்னு நீங்க என்ன பேசியிருப்பீங்க?”