குளிர்ப்பெட்டியோடு வந்த கொன்ட்ரோல்

மாரியம்மனையே பரிசோதித்துப் பார்த்த ஒரே பிறவி, மலையகத்தில் லிந்துலைப் பக்கத்து எங்கள் கொன்ட்ரோல்தான். உயர்தரப் பரீட்சைக்கு முன் நாங்கள் எல்லாரும் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துத் தேங்காய் உடைத்தோம். அவள் உயிரியலுக்கு மட்டும் உடைத்தாள், இரசாயனவியலுக்கு உடைக்கவில்லை. இரண்டிலும் ஒரே பெறுபேறு.

"சாமி மேல குத்தமில்ல புள்ள. தேங்காதான் வேல செய்யல" என்றாள்.

எதைச் செய்தாலும், அதைச் செய்யாத ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் அவள் நம்புவாள். விஞ்ஞானக்காரர்கள் அதைத்தான் கொன்ட்ரோல் என்கிறார்கள்; அதுவே அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. இரண்டு முழங்காலும் வலித்தால் ஒன்றுக்கு மட்டும் தைலம் பூசுவாள். மற்றதை நொண்டிக்கொண்டே கவனிப்பாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பரீட்சையில் அவளைவிட எனக்குத்தான் நல்ல பெறுபேறு. ஆனால் நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாகி, தொழிற்சாலைக் கிளாக்கரைக் கட்டி, பிள்ளையும் பெற்றேன். அவள் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில், மறதி நோய் வந்த மூளையை ஆராயப் போய்விட்டாள். நான் குறை சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டு அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தாது என்று மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

என் மகளுக்கு ஆறு மாதமாக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளை ரெஜிபோம் குளிர்ப்பெட்டியை மார்போடு அணைத்தபடி வந்து நின்றாள். ஆய்வுகூடத்தில் மூன்று நாள் மின்சாரம் இல்லையாம். அவள் வீடு தொழிலாளர் லயத்தில். அங்கே ஃபிரிட்ஜ் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தது.

"பஸ்ஸுல கண்டக்டர் சிங்களத்துல 'மாளுத?'னு கேட்டாரு. மீனான்னு கேக்குறாராம். 'நே, மொளே'ன்னேன். மூளைன்னதும் பக்கத்து சீட்டுல இருந்த ஆளும் எந்திரிச்சுப் போயிட்டாரு. கால நீட்டிக்கிட்டு வந்தேன்."

உள்ளே மூளை இல்லை, சுண்டுவிரல் அளவில் மூன்று குப்பிகள்தான். பிறபொருளெதிரி, அதாவது அன்டிபொடி என்றாள். புற்றுநோயில் பேர்போன ஒரு புரதம் மறதி நோயாளிகளின் மூளையிலும் இருக்கிறதா என்று தேடிப் பிடிக்கத்தான் அது.

"காலையில வேலைக்கு முன்னாடி பெரட்டுல பேர் கூப்பிடுறாங்கல்ல, அது மாதிரி புள்ள. பேர் கூப்பிட்டா அந்த ஒரு ஆள்தான் 'இருக்கேன்'னு சொல்லணும். அந்த ஆளே இல்லாத பெரட்டுலயும் கூப்பிட்டுப் பாக்கணும். அங்கயும் 'இருக்கேன்'னு சத்தம் வந்துச்சுன்னா, இந்த மருந்து பொய்யி."

ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனாள். பக்கத்திலேயே என் மகளின் பழக்கூழ். 'புற்றுநோய்' என்ற சொல் மட்டும் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் வந்தவள் என் மகளிலும் ஆராய்ச்சி தொடங்கினாள். மடியில் வைத்துப் பாடினாள்; தூங்கியது. பாட்டை நிறுத்தினாள், விழித்தது. மறுபடி பாடினாள், தூங்கியது. பிறகு என்னைப் பாடச் சொன்னாள். பாடினேன். பிள்ளை வீரிட்டது.

"சரி, ஒம் பாட்டு கொன்ட்ரோல்" என்றாள்.

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இனி அவங்களையே பாடச் சொல்லு. நம்மளும் நிம்மதியா இருக்கலாம்."

பத்து மாதம் சுமந்தது நான். அவள் போனதும் ஃபிரிட்ஜைத் திறந்தேன். குப்பிகளைப் பழக்கூழின் பக்கத்திலிருந்து எடுத்து, மேலே ஐஸ் தட்டில் வைத்தேன். மீனும் இறைச்சியும் மேலே வைத்தால்தானே கூடுதல் நாள் நிற்கும்? பயத்தில் வைத்தேனா, பொறாமையில் வைத்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதற்குக் கொன்ட்ரோல் கிடையாது.

திங்கள் காலை வந்து குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கல்லாக உறைந்திருந்தது. மற்ற இரண்டையும் எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

"இது உறையக் கூடாது புள்ள. ஒறஞ்சா செத்துரும். புதுசு வெளிநாட்டுல இருந்து வரணும்."

"நான்தான் மேல வச்சேன். பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு..." மீதியையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஒம் மேல கொஞ்சம் எரிச்சலாவும் இருந்துச்சு."

"கொஞ்சமா?"

"நெறைய."

"கீழ்த்தட்டுல ஏன் வச்சேன்னு நானும் சொல்லல. என் தப்பும் பாதி" என்று குப்பிகளைப் பெட்டியில் வைத்தாள். "எதுக்கும் பரிசோதிச்சுப் பாக்குறேன்."

மூன்றும் செத்துத்தான் போயிருந்தன. புதியது வர ஏழு மாதம் ஆனது. அதுவரை பாதி வேலை நின்றுபோனதால், சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. என் மகளைத் தூங்க வைத்துவிட்டு, என்னைப் பேச வைப்பாள். கொப்பியில் இலையும் வேரும் கீறிக்கொண்டு, மறந்துபோன உயிரியலையெல்லாம் இருவரும் மறுபடி படித்தோம்.

ஒரு புதன்கிழமை கண்டியிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். "புள்ள, மருந்து வந்துருச்சு! இனி சனி, ஞாயிறும் இங்கதான் வேல!"

"நல்லது, நல்லது" என்று உரக்கச் சொன்னேன். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், வெங்காயம்கூட இல்லாமல் அழுதேன்.