பலகை மேல் படுத்தபடி மச்சானுக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நலமாக இருக்கிற மனிதன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கூடத்துக்கு நடுவே ஒரு பலகையின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கடிதம் எழுத மாட்டான் என்பது உங்களுக்கே தெரியும். கையெழுத்து வரிக்கு வரி கீழே சரிந்து போவதைப் பார்த்து, எனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பலகை தொய்கிறது, அதோடு நானும் தொய்கிறேன், என்னோடு வரியும் தொய்கிறது. எல்லாம் உங்கள் தங்கையின் கைங்கரியம்.

அவள் பாலம் கட்டும் அலுவலகத்தில் வரைவாளராக இருப்பது உங்களுக்குத் தெரியும். உதவிப் பொறியாளர் ஆவதற்கு இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் ஒரே கேள்வியில் கவிழ்ந்ததும் தெரியும். வயது வரம்புப்படி அடுத்த மாதம் எழுதப் போவதுதான் கடைசி முறை. அந்தக் கேள்வி என்ன என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. நானும் சமீப காலம் வரை அதைத் தெரிந்துகொள்ளாமல் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒரு நீள உத்தரம். அதற்குக் கீழே மூன்று தாங்கல்கள், முனைக்கு ஒன்றாக இரண்டு, நட்ட நடுவில் ஒன்று. மேலே ஒரே சீராகப் பரவிய சுமை. எந்தத் தாங்கல் எவ்வளவு தாங்குகிறது? இவ்வளவுதான் மச்சான். பணிக்காலம் முழுவதும் எடை மேடையில் உட்கார்ந்து லாரிகளை நிறுத்துப் பார்த்தவன் நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு பேர் தாங்கறாங்க, ஆளுக்கு மூணுல ஒண்ணு. இதுக்கா ரெண்டு தடவை பெயிலான?" என்று கேட்டேன். அவள், "அப்படி சமமாத் தாங்கிட்டா உலகம் எவ்வளவு நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பென்சில் சீவப் போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் பொறுமையாகச் சொன்னாள். "மொத்த எடை சரியா வரணும், அது ஒரு கணக்கு. ஒரு பக்கமா சாயாம இருக்கணும், அது ரெண்டாவது. கையில இருக்கிற கணக்கு ரெண்டு, தெரியாதது மூணு. நடுவுல இருக்கிறது அதிகப்படிங்க. அது இல்லாட்டியும் உத்தரம் நிக்கும். அதனால முதல்ல அதை இல்லன்னு வச்சுக்கணும். சுமைக்கு எவ்வளவு தொய்யுதுன்னு பார்க்கணும். அப்புறம் சுமையே இல்லன்னு வச்சுக்கணும், நடுவுல கீழேருந்து ஒரு தள்ளு மட்டும் இருக்கு, அது எவ்வளவு தூக்குதுன்னு பார்க்கணும். தொய்வும் தூக்கலும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா பூஜ்யம் வரணும். அந்தத் தள்ளுதான் விடை. நடுத்தூண் இத்தனை நாளும் தாங்கிட்டு இருந்தது அதுதான்." எனக்கே புரிந்துவிட்டது. "புரிஞ்சிருக்கே, அப்புறம் என்ன?" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தூணை எடுக்க முடியலைங்க. மேல ஆளுங்க போயிட்டு இருப்பாங்களேன்னு தோணுது."

இதுதான் சங்கதி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் தூண் வரைந்துகொண்டிருக்கிறாள். படத்தில் ஒரு தூணின் கோடு லேசாக விழுந்திருந்தால்கூட அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தேர்வுக்கூடத்தில் நடுத் தாங்கலை நீக்கும் இடம் வந்ததும் பென்சில் நின்றுவிடுகிறதாம், ஜன்னலுக்கு வெளியே யாராவது நடந்து போகும் சத்தம் கேட்கிறதாம், அப்படியே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம், மணி அடித்துவிடுமாம். அதனால் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினாள். தச்சரிடம் சொல்லி ஆள் நீளத்துக்கு மேல் ஒரு மெல்லிய பலகை வந்தது. மூன்று எடை மெஷின்கள் வந்தன. பலகையின் ஓரத்தில் முனைக்கு முனை ஒரு வெள்ளை நூல் இழுத்துக் கட்டியாயிற்று, தொய்வைப் பார்க்க. சாப்பாட்டு மேஜை சமையலறைக்குக் குடிபெயர்ந்தது. கடைசியில், ஒரே சீராகப் பரவிய சுமை எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். வீட்டில் பரவிக் கிடப்பதற்கென்று பென்ஷன் வாங்குகிறவன் நான் ஒருவன்தானே!

போன ஞாயிற்றுக்கிழமை மல்லாந்து படுத்தேன். அசையக் கூடாது, பேசக் கூடாது, மூச்சு மட்டும் விடலாம், அதையும் மெதுவாக விட வேண்டும் என்று உத்தரவு. திரைச்சீலை வழியாக வெயில் மஞ்சளாக வந்துகொண்டிருந்தது. உள்ளே பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம். மின்விசிறிக் காற்று குளிர்ந்ததால் ஒரு வெள்ளைப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டேன், அவ்வளவுதான், எப்போது தூங்கினேன் என்று தெரியாது. நான் பாலமாகிவிட்டேன் மச்சான். அகலமான ஆறு, அக்கரையில் தலை, இக்கரையில் கால். முதுகுக்குக் கீழே நடுவில் ஒரு தூண், கொஞ்சம் வெதுவெதுப்பாக. மேலே ஆட்கள் போகிறார்கள், சைக்கிள் போகிறது, என் வாழ்நாளில் நான் நிறுத்த லாரிகள் எல்லாம் வரிசையாக, ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லாமல் போகின்றன. ஒருவரும் பாரமாகவே இல்லை. திடீரென்று நடுத்தூண் கரைந்துபோனது. பயம் இல்லை. மெல்ல மெல்ல இறங்கினேன், ஆற்றுத் தண்ணீர் முதுகைத் தொட்டது, அப்படியே போய்விடலாம் போல இருந்தது. அப்போது கீழேயிருந்து ஏதோ ஒன்று, சரியாக நடு முதுகில், சன்னமாகத் தள்ளித் தூக்கியது.

கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் காது திறந்துகொண்டது. உங்கள் தங்கை நடு மெஷின் மேல் காருக்குப் போடுகிற ஜாக்கியை வைத்து என்னைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் வேறு யாரோ தொண்டையைச் செருமினார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர். ஜாக்கி சத்தம் என்னவென்று கேட்க மேலே வந்த மனிதர், போர்வையையும் என் முகத்தையும் பார்த்திருக்கிறார். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எப்பம்மா?" என்றார் தழுதழுத்து. இவள் தரையில் கன்னத்தை வைத்து நூலைப் பார்த்தபடியே, "சாப்பிட்டதும்தான், திடுதிப்புன்னு படுக்க வச்சேன்" என்றாள். "எப்ப எடுக்கறீங்க?" "இன்னும் அஞ்சு நிமிஷத்துல எடுத்துடலாம்." "ஆளுங்க வேணுமே, நான் கூப்பிடட்டுமா?" "வேணாங்க, நானே தூக்கிடுவேன். ஜாக்கி இருக்கு." அதற்கு மேல் பொறுக்க முடியாமல், "அண்ணே, நான் இருக்கேன்" என்றேன். அவர் ஒற்றைச் செருப்போடு படி இறங்கினார். ஆனால் போகிற வழியில் சாவுச் செய்தியைச் சொன்னவர், பிணம் பேசியதைச் சொல்லவில்லை. சாயங்காலம் மூன்றாம் மாடியிலிருந்து பூங்கொத்து வந்தது. கதவைத் திறந்து நானே வாங்கிக்கொண்டேன். கொண்டு வந்தவர் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

இத்தனை அவமானத்துக்கும் பலன் உண்டா என்றால், அதுவும் இல்லை. நானும் கால்மாட்டில் வைத்த புத்தகங்களும் சேர்ந்து அறுபத்து நான்கு கிலோ. நடுத்தூண் எட்டில் ஐந்து பங்கு, அதாவது நாற்பது கிலோ தாங்க வேண்டும் என்பது அவள் கணக்கு. முனைகளுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுதான். பலகை தேக்கா மாமரமா என்ற கேள்விகூட வேண்டாம், தொய்விலும் தூக்கலிலும் ஒரே மரம் என்பதால் கணக்கின் இரண்டு பக்கமும் அது அடிபட்டுப் போய்விடுகிறதாம். ஆனால் ஜாக்கியின் எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மெஷின் நாற்பத்தாறு காட்டியது. கைகளை வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தால் என் சுமை முழுக்க நடுவில்தானே! அவளுக்கு அது அப்போது தோன்றவில்லை. "கணக்கே தப்பு போல" என்று பென்சிலைக் கீழே வைத்தாள். எனக்கும் தோன்றவில்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது மச்சான். எடை மேடைக்காரனுக்குத் தோன்றாமல் இருக்குமா? சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். தேறினால் அவளுக்கு ஆற்று முகத்துவாரத்தில் புதுப் பாலம் கட்டும் இடத்தில் வேலை. ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். "அங்கே தகரக் கொட்டகைதான் இருக்கும், நீங்க எதுக்கு அலையணும்" என்று ஒருமுறை சொன்னாள். நான் அதைக் காதில் வாங்காதது போல் செய்தித்தாளைப் புரட்டினேன். இப்போது பலகையில் படுத்திருக்கையில் அவள் முறைப்படியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் அவளை வீட்டிலிருந்து நீக்கினேன். சாயங்காலம் படியேறும் செருப்புச் சத்தம் நின்றது. செய்தித்தாளில் வருகிற அபத்தங்களை யாரிடம் படித்துக் காட்டுவது என்று தெரியாமல் மடித்து வைத்தேன். பென்சில் சீவிய சுருள்கள் தரையில் இல்லை, பெருக்க வேண்டியதே இல்லை. அதற்கு மேல் தொய்வை அளக்க நூல் போதவில்லை. பயமாக இருக்கிறது மச்சான்.

ஆகவே இதுதான் என் விண்ணப்பம். நீங்கள் அவளுக்கு மூத்தவர். உங்கள் சொல்லை அவள் தட்ட மாட்டாள். அடுத்த ஞாயிறு நேரில் வந்து, "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது" என்று நல்ல விதமாக எடுத்துச் சொல்லித் தேர்வை விட வைக்க வேண்டும். என் முதுகைக் காரணம் காட்டுங்கள். தையல்காரரைக் காரணம் காட்டுங்கள். நான் எழுதியதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். இப்போதுகூட நடு மெஷினை எடுத்துவிட்டுத் தொய்வை அளந்துகொண்டு உள்ளே போயிருக்கிறாள். "அப்படியே கிடங்க, ஏதாவது எழுதிட்டு இருங்க" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசியையும், உங்கள் முழங்காலுக்கு என் அனுதாபத்தையும் சொல்லவும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடப் போனேன். "மூடாதீங்க! எழுதிட்டே இருங்க! அசையாதீங்க!" என்று கத்துகிறாள். ஆகவே எழுதுகிறேன். கீழே ஜாக்கியை வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். குப்புறப் படுத்து, கைகளை முன்னால் நீட்டி, இவ்வளவு நீளக் கடிதம் எழுதியதில் நான் ஒரே சீராகப் பரவிவிட்டேனாம். பலகை நூலோடு நேராகிவிட்டது. ஜாக்கியின் எடை போக மெஷின் நாற்பது காட்டுகிறது. பார்ப்பதற்கு முன்பே காகிதத்தில் நாற்பது என்று எழுதி வைத்திருந்தாள். அவளைத் தடுக்கச் சொல்லி எழுதிய கடிதம்தான் மச்சான், அவள் கணக்கைச் சரியாக்கிவிட்டது.

அவள் தரையில் உட்கார்ந்து பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "தூணை எடுத்துட்டேங்க. மனசுலயே எடுத்துட்டேன். மேல போனவங்க யாரும் விழல." "நீ போயிட்டா நான்?" என்று கேட்டுவிட்டேன். "பலகையையும் கூடவே கொண்டு போறோம். நீங்க இல்லாம எதைப் போட்டு நான் கணக்குப் பார்க்கிறது?" என்றாள். கொட்டகை தகரமாக இருந்தால் என்ன, படுக்கப் பலகை இருக்கிறதே.

ஆகவே மேலே எழுதியது எதையும் சட்டை செய்ய வேண்டாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வராததால்தான் அனுப்புகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். புத்திமதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த கணக்கில் சுமை பரவி இருக்கக் கூடாதாம், ஒரே இடத்தில் குவிந்திருக்க வேண்டுமாம். நம் குடும்பத்தில் அப்படி இருப்பது நீங்கள் ஒருவர்தான் என்று உங்கள் தங்கையே சொல்கிறாள். தொண்ணூறு கிலோ என்று போட்டுக் கணக்கை ஆரம்பித்துவிட்டாள், வழியில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பின்குறிப்பில் வரிகள் எல்லாம் நேராக வந்திருக்கின்றன, கவனித்தீர்களா?