ஒன்பது வட்டங்கள்

மனிதகுலம் கண்ட திறமைகளிலேயே உயர்ந்தது பெட்டாலிங் ஜெயாவில், ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் பிறந்தது. கண்ணில் படாததை இல்லாததாக்கும் திறமை அது. கண்டுபிடித்தவர் என் கணவர் விமலன்.

அன்று செவ்வாய்க்கிழமை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு என் கைபேசியைக் கேட்டார்.

"புனிதா, உன் டப்பா போனக் குடு. இதுல ஓடிட்டா எதுலயும் ஓடும்லா."

"இன்னிக்குக் கிள்ளான்ல ஹார்ட் டாக்டர் செக்கப் இருக்கு. நெஞ்சு எப்படி இருக்கு?"

"நெஞ்சு ஓகே. தீபாவளி விளக்கு வச்சதுல கேம் மேப்புதான் திக்குது. இன்னிக்கு லான்ச். லீவு வேற இன்னும் அப்ரூவ் ஆகல."

அவர் நிறுவனம் விற்பது டுரியான் உடைக்கும் விளையாட்டு. ஒரு நிலையை வென்றால் வரைபடத்தில் ஒரு வட்டம் ஏறலாம். மொத்தம் மூவாயிரம் வட்டங்கள். சில மாதங்களுக்கு முன் அத்தனையும் வரைந்தபோது என் கைபேசி சூடாகி அணைந்துபோனது. திரையில் ஒரு சமயத்தில் தெரிவது ஒன்பதுதானே என்று யோசித்தார். ஒன்பது மட்டும் வரைந்தார். கீழே மறையும் வட்டத்தையே எடுத்து, புது எண் எழுதி, உச்சியில் வைத்தார். என் கைபேசி குளிர்ந்தது.

மேலாளர் சுகுமாறன் உருகிப்போனார். கூட்டம் போட்டுக் கைதட்டினார். அத்துடன் நில்லாமல், ஊழியர்களின் விடுப்பு விண்ணப்பங்களையும் அதே வரைபடத்தில் ஏற்றும் 'வரலாற்று முடிவு' எடுத்தார். ஒரு விண்ணப்பம், ஒரு வட்டம். புதியது வந்தால் பழையது கீழே இறங்கிவிடும். விரலால் இழுத்தால் திரும்ப வரும். ஆனால் மேலாளர்கள் கீழே பார்க்கும் வழக்கம் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கு மூன்று வாரம் முன்பே என் கணவர் ஒரு நாள் விடுப்புக் கேட்டிருந்தார். அந்த வாரமே தீபாவளி விடுப்பு கேட்டு இருபத்தாறு பேர் மேலே வந்து உட்கார்ந்தார்கள்.

"நேர்ல கேளுங்களேன்" என்றேன் அன்று காலை.

"கேட்டேன். 'சிஸ்டத்துல தெரியலயே ப்ரோ'ங்கிறாரு."

"திரும்பப் போடுங்க."

"ஒரே நாளுக்கு ரெண்டு வாட்டி ஏத்துக்காது. நான்தான் அப்படி எழுதினேன்." சிரித்துக்கொண்டே போனார்.

பதினொன்றரைக்கு வரைபடம் திக்காமல் ஓடியது. பன்னிரண்டுக்கு அவர் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சுகுமாறன் ஆப்பிள் கூடையுடன் வந்தார்.

"கவலப்படாதீங்க அக்கா. அவர் எடம் ஒருநாள்கூடக் காலியா இல்ல. அதே மேசை, அதே கம்ப்யூட்டர். மேப்பு வெண்ணெய் மாதிரி ஓடுது!"

"உங்க போனக் கொடுங்க."

விடுப்பு வரைபடத்தைத் திறந்து இழுத்தேன். இருபத்தாறு தீபாவளிகளைத் தாண்டி வந்தது அந்த வட்டம்: விமலன், ஒரு நாள், இதயப் பரிசோதனை.

"அட, இங்கதான் இருந்துச்சா!" என்றார். உண்மையாகவே மகிழ்ந்தார். "இப்ப அப்ரூவ் பண்ணிடவா அக்கா? ரெக்கார்டுக்கு?"

தட்டிப் பார்த்தார். தேதி முடிந்த விண்ணப்பத்தைத் தொட முடியாதாம். அதையும் என் கணவர்தான் எழுதியிருந்தார்.

ஒரு மலிவுக் கைபேசி அணைந்துபோகாமலிருக்க அவர் செய்த தந்திரத்தை மனிதர்கள்மேல் ஓட்டிப் பார்த்த பெருமை முழுவதும் சுகுமாறனையே சேரும்.

வட்டம் இன்னும் மஞ்சள் நிறத்தில்தான் இருக்கிறது. கீழே 'பரிசீலனையில்' என்று எழுதியிருக்கிறது.