ஃபவுல் சாரும் பதினோராவது வார்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் இருந்த இடத்தை விட்டு அசையாதவை இரண்டு. ஒன்று மேற்கே நிற்கும் மலை. இன்னொன்று நான் வேலை பார்த்த தனியார் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர். மலையாவது ஐப்பசி மழையில் அங்கங்கே கொஞ்சம் சரியும். மனிதர் சரிய மாட்டார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்ற எல்லோருக்கும் அவர் ஃபவுல் சார். தேவாரத்தில் கபடிப் போட்டி என்றாலும் சுருளிப்பட்டியில் என்றாலும் நடுவர் அவர்தான். போட்டி முடிந்தால் மற்ற நடுவர்கள் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கழுத்தில் அது குளிக்கும்போதும் கிடக்கும் என்று அவர் மனைவியே என் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

ஒரு முகூர்த்த நாளில் கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். தேனி பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறந்தன. துண்டு போட்டுப் பிடித்த இடம் எங்கள் பக்கம் பத்திரம் பதிந்த இடத்துக்குச் சமம். ஃபவுல் சாருக்குப் பொறுக்கவில்லை. விசிலை எடுத்து நீளமாக ஊதினார். விசில் கேட்டால் வண்டியை எடுப்பதுதான் டிரைவர் தொழில். அவர் எடுத்துவிட்டார். கண்டக்டர் டீக்கடையில் பாதி வடையோடு நின்றார். துண்டுகள் மட்டும் சொகுசாக உத்தமபாளையம் சாலையில் போய்க்கொண்டிருந்தன.

கண்டக்டர் ஓடிவந்து சட்டையைப் பிடித்தார். ஃபவுல் சார் நிதானமாகக் கேட்டார்:

"துண்டுக்கு டிக்கெட் உண்டாண்ணே? இல்லைன்னா அது ஃபவுலு. ஊதாம என்ன செய்யச் சொல்றீக?"

தேவாரத்தில் ஓர் இறுதிப் போட்டி. கடைசி நிமிடத்தில் பாடிப் போனவர் அவருடைய சொந்த மச்சினர். மூச்சு விட்டுவிட்டார் என்று அவுட் கொடுத்துவிட்டார் நம்மவர். மச்சினர் அணி தோற்றது. அந்த மாதம் முழுக்க ஃபவுல் சாருக்கு மனைவி கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸில் ரசம் சாதம் மட்டுமே வந்தது. நாங்கள் கேலி செய்தபோது, "அவளுக்கு அப்பீல் பண்ண உரிமை இருக்குல்ல," என்று சொல்லி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் தாளாளர் நகராட்சித் தேர்தல் வேலைக்கு இழுத்தார்.

கல்லூரி இருந்த பதினோராவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தாளாளர் தம் மனைவியை நிறுத்தினார். எங்களுக்கு அவர் மேடம். போஸ்டரில் அந்த அம்மா கையளவு தெரிவார். பக்கத்தில் தாளாளர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். ஆசிரியர் கூட்டத்தில், "இது நம்ம வீட்டு விசேஷம்," என்றார். விசேஷம் என்றால் இலை போடுவார்கள். எங்களுக்குத் தெருவைப் பிரித்துப் போட்டார்கள். தமிழ்த்துறை எழுதிய நோட்டீஸ் ஒருவருக்கும் புரியவில்லை. அதை விளக்கப் பின்னாலேயே பொருளாதாரத் துறை போனது.

எதிர்த்து நின்றவர் எங்கள் கேன்டீன் நடத்திய அந்தோணியம்மா. வீட்டு வாசலில் சாக்கடை பொங்குகிறது, கேட்க ஆளில்லை என்று அவரும் மனுத் தாக்கல் செய்துவிட்டார். பகலெல்லாம் அவருக்கு எதிராக ஓட்டுக் கேட்டுவிட்டு, சாயங்காலம் அவரிடமே டீ குடிப்போம்.

"இன்னைக்கு எங்கன வரைக்கும் போனீக?" என்று விசாரிப்பார். "மேலத் தெருவுல நாய் ஒண்ணு கெடக்கும். எனக்கு எதிராத்தான் கேக்குறீக, அதுக்காகக் கடி வாங்கணுமா? பாத்துப் போங்க."

தாளாளரின் கணக்கெல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகள் மேல் இருந்தது. பதினெட்டு தாண்டியவர்கள் எல்லோருக்கும் ஹாஸ்டல் விலாசத்திலேயே ஓட்டு வாங்கி வைத்திருந்தார். அந்த ஓட்டு சிதறாமல் விழுந்தால் வார்டு கையில். கபடிக்காரர்கள் களத்தில் இறங்குமுன் கோட்டைத் தொட்டுக் கும்பிடுவார்கள். தொட்டவன் பொய்யாட்டம் ஆட மாட்டான் என்பது நம்பிக்கை. எங்கள் பிள்ளைகளுக்கு அது சூடம் அணைத்துச் செய்கிற சத்தியத்தைவிடப் பெரிது. மேடத்துக்குத்தான் ஓட்டு என்று அவர்களை மைதானத்துக் கோட்டைத் தொட்டுச் சத்தியம் செய்ய வைப்பது தாளாளரின் திட்டம். ஃபவுல் சாரைக் கூப்பிட்டார்.

"பயலுக நீரு சொன்னாத்தான் கேப்பாய்ங்க. முடிச்சுக் குடும். எலெக்சன் முடிஞ்சதும் உம்ம வேலைய நிரந்தரம் பண்ணிருவோம்."

பல வருஷமாகத் தற்காலிகத்திலேயே கிடந்த மனிதர். மகள் எங்கள் கல்லூரியில்தான் படித்தாள். ஊழியர் பிள்ளை என்பதால் ஃபீஸ் இல்லை. வேலை போனால் அவள் படிப்பும் போகும். "சரிங்க ஐயா" என்றார். நாங்களும் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

சாயங்காலம் மைதானத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளரும் மேடமும் வந்துவிட்டார்கள். ஃபவுல் சாரைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தோணியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தம்மா கையில் கரண்டியோடு முழித்தார்.

"ஒரு டீமு மட்டும் வந்து கோட்டைத் தொட்டா அது ஆட்டம் இல்லீங்க ஐயா," என்றார் ஃபவுல் சார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அத்தனை பேர் முன்னால் போ என்று சொல்ல முடியாமல் தாளாளர் பல்லைக் கடித்துக்கொண்டு பேச எழுந்தார். வாயைத் திறந்ததும் விசில்.

"என்னய்யா?"

"நிக்கிறது யாருங்க ஐயா?"

"என் சம்சாரம்."

"அப்ப நீங்க எப்படிக் களத்துக்குள்ள வந்தீக? கோட்டுக்கு வெளிய உக்காருங்க. ஆடுறவுக வரட்டும்."

தாளாளர் உட்காரவில்லை, ஆனால் இரண்டு அடி பின்னால் போனார், அது கோட்டுக்கு வெளியே. மேடம் எழுந்தார். கோட்டுக்குள் வந்து நின்றார்.

"எனக்குப் பேச வராது. இந்த ஹாஸ்டலுக்குப் பின்னாடி ஓடுற சாக்கடை எங்க அடுப்படிக்குப் பின்னாடியும்தான் ஓடுது. எங்க வீட்டுக்காரவுக மனு மனுவாக் குடுத்தாக, ஒண்ணும் நடக்கல. என்னைய அனுப்புனா ஆபீசு வாசல்ல போயி உக்காந்துருவேன். சரி பண்ணாம எந்திரிக்க மாட்டேன்."

கைதட்டல் அடங்கச் சிறிது நேரமானது. அந்தோணியம்மா கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அந்தச் சாக்கடை என் வாசல்ல வந்துதான் நிக்குது ஆத்தா. நீ உக்காந்தாலும் சரி, நான் உக்காந்தாலும் சரி, அது போகணும்."

அதற்கும் கைதட்டல். இரண்டு பேரையும் கோட்டைத் தொடச் சொன்னார் ஃபவுல் சார். பிறகு பிள்ளைகளையும் தொடச் சொல்லி, "அவுகவுக மனசுல பட்டபடி போடுங்க. யார்ட்டயும் சொல்லாதீக, என்ட்டயும்தான்," என்று கலைத்துவிட்டார்.

மறுநாள் காலை தாளாளர் அவரை வேலையை விட்டு நீக்கினார். ஃபவுல் சார் சொன்ன பதில் இது: "ரெஃப்ரிய மாத்த கமிட்டிக்கு உரிமை உண்டுங்க ஐயா."

வாக்கு எண்ணிக்கையில் மேடம் சொற்ப ஓட்டில் ஜெயித்தார். அந்தோணியம்மாவின் சொந்தக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். ஹாஸ்டல் பிள்ளைகளை மிரட்டிச் சத்தியம் வாங்கியதால்தான் இந்த வெற்றி என்று கல்லூரிப் பஸ்ஸைச் சுற்றி வளைத்தார்கள். பஸ்ஸுக்குள் நாங்கள். சிலர் கையில் கல். தாளாளர் காரை விட்டு இறங்கவில்லை.

"சாரக் கூப்பிடுங்க," என்றார் அந்தோணியம்மா. "அவரு நின்ன ஆட்டம். அவரு ஃபவுலுன்னு சொன்னா ஃபவுலு."

ஃபவுல் சார் பழைய மொபெட்டில் வந்து இறங்கினார். வேலையைப் பறித்தவரைப் பழிவாங்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். அவர் அதைச் சொன்னாலும் தப்பில்லை என்றுதான் பஸ்ஸுக்குள் இருந்த எனக்கே தோன்றியது.

"ரெண்டு பேரும் கோட்டைத் தொட்டாக. ரெண்டு பேரும் பேசுனாக. பிள்ளைக அதுக மனசுப்படி போட்டுச்சுக. ஃபவுல் இல்ல. மேடம் ஜெயிச்சுட்டாக."

அந்தோணியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பச் சரி. ஏலே, கல்லக் கீழ போடுங்க, வீட்டுக்குப் போவோம்."

அடுத்த வாரம் மேடமே நிரந்தர வேலைக்கான ஆர்டரோடு அவர் வீட்டுக்குப் போனார். ஃபவுல் சார் வாங்க மறுத்துவிட்டார். ஜெயித்த டீம் கையால் ரெஃப்ரி எதையும் வாங்கக் கூடாதாம். வாங்கினால் அன்று சொன்ன தீர்ப்பு பொய்யாகிவிடுமாம். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். நான் போய்க் கத்தினேன்.

"உம்ம நேர்மைக்கு அந்தப் பிள்ளை ஏன்யா படிப்ப விடணும்?"

அவர் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

விஷயம் அந்தோணியம்மாவுக்குப் போனது. நேராகத் தாளாளர் வீட்டுக்குப் போய் நின்றார்.

"தோத்தவ கேக்க வந்துருக்கேன். அந்த ஆர்டர என் கையில குடுங்க. நான் குடுத்தா வாங்குவாரு."

தாளாளர் தம் மனைவியைப் பார்த்தார். மேடம், குடுங்க என்று தலையசைத்தார். பஸ் மேல் விழாமல் போன கற்கள் தாளாளருக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டார்.

நாலு வடையோடு சேர்த்து அதை ஃபவுல் சார் கையில் வைத்தார் அந்தோணியம்மா. அவர் ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறது என்று தேடினார்.

"தோத்த டீமு குடுத்தா வாங்கக் கூடாதுன்னு ரூல்ல எங்கயும் இல்ல," என்றார் கடைசியில். அந்தோணியம்மா, "வடை ஆறுது, சாப்பிடுங்க," என்றார்.

சாக்கடையை இப்போது மூடிவிட்டார்கள். நகராட்சிக் கூட்டத்துக்கு மேடம் மட்டும் உள்ளே போகிறார். தாளாளர் வெளியே காரில் காத்திருக்கிறார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வாழ்க்கையில் நானும் சிலதில் ஜெயித்திருக்கிறேன், பலதில் தோற்றிருக்கிறேன். ஜெயித்ததற்குக் கைதட்ட எவர் வந்தாலும் சரி. தோற்கும்போது மட்டும் பக்கத்தில் ஃபவுல் சார் இருக்க வேண்டும். நீ தோற்றது நிஜம்தான் என்று அவர் சொன்னால், நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.