கடைசியாக இறங்குகிறவர்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே சொந்த ஊர் நிறுத்தத்தில் இறங்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் படகு மிலிட்டரி மாமாதான். எழுபத்தொன்றாம் வருஷப் போரில், வங்காளத்து ஆறுகளில் குண்டுகளுக்கு நடுவே சிப்பாய்களைப் படகில் அக்கரை சேர்த்துப் பதக்கம் வாங்கியவர். படகோட்டுகிறவன் கடைசியில்தான் இறங்க வேண்டும் என்று அங்கே பழகியதை டவுன் பஸ்ஸிலும் விடவில்லை.

"எல்லாரும் இறங்குங்க, நான் பின்னாடி வாரேன்" என்று படிக்கட்டை ஒட்டி நிற்பார். அதற்குள் நாலு பேர் ஏறிவிடுவார்கள். இனி அவர்களும் இறங்கியாக வேண்டுமே. பஸ் திருவரங்குளம் போய்விடும். அங்கிருந்து வெயிலில் திரும்பி நடப்பார்.

"ஒங்களுக்கு எந்த ஊருக்குத்தான் டிக்கெட் கிழிக்கிறது?" என்பார் கண்டக்டர்.

"கரைக்குக் கிழிங்க."

கல்யாணப் பந்தியிலும் இதே கூத்துதான். "எல்லாரும் இங்கிட்டே உக்காந்தா கவுந்துருமே, அங்கிட்டு ரெண்டு பேர் போங்க" என்று மண்டபத்தையே சமன் செய்துவிட்டு, சாம்பார் தீர்ந்தபின் வெறும் ரசத்தோடு சாப்பிடுவார்.

எங்கள் ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ஒரு காட்டாறு. வருஷமெல்லாம் மணல், மழை பிடித்தால் கழுத்தளவு தண்ணீர். ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் அவரை மேடையேற்றிச் சால்வை போர்த்துவார்கள். "சால்வை வேணாங்க, ஒரு பாலம் கட்டிக் குடுங்க" என்பார். கைதட்டுவார்கள். அடுத்த வருஷம் இன்னொரு சால்வை. அத்தனையையும் முடிந்து கட்டியிருந்தால் அதைப் பிடித்தே அக்கரை போயிருக்கலாம்.

போன ஐப்பசியில் மாமா போய்ச் சேர்ந்தார். ஆறு நிறைய வெள்ளம். மாலையோடு வந்த அதிகாரி காரை விட்டு இறங்காமலே, "தண்ணி வடியட்டுமே" என்றார்.

"வடியிற வரைக்கும் இவர எங்கங்க வைக்கிறது?" என்று கேட்டார் அத்தை. அதிகாரி மாலையை ஜன்னல் வழியே நீட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் அச்சில் வராது.

தண்ணீர் பிடித்துவைக்கும் நீல டிரம்களைக் கவிழ்த்து, பலகை போட்டு, கயிற்றால் இறுக்கினோம். நடுவில் மாமா. "ஒரு பக்கமா உக்காராதீங்க" என்று கரையிலிருந்து சொன்னார் அத்தை. இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். அக்கரை மரத்தில் முன்பே கட்டிவைத்த கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனோம்.

அக்கரை தட்டியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"மொதல்ல நீங்க இறங்குங்க மாமா" என்றேன்.

அன்றைக்குத்தான் அவரை முதல் ஆளாக இறக்கினோம்.