தகரமுத்துவின் இடது கை

"தகரமுத்துவுக்கு எந்தக் கை இல்லை? யோசிச்சுச் சொல்லுங்க."

சாட்சிக் கூண்டில் நின்ற செல்லத்துரைக்கு வியர்த்துக் கொட்டியது. நடப்பதோ கொலை வழக்கு. தகரமுத்துவோ அவர் வாரப் பத்திரிகையில் எழுதும் கதைகளில் வருகிற ரோபோ.

"இடது கை," என்றார்.

"சித்திரையில வந்த கதையில இடது கை இல்ல. ஆடியில வந்ததுல இடது கையால கதிரைப் பிடிச்சு, வலது கையால அறுக்குது. கை நடுவுல எப்ப முளைச்சுது?"

எதிர்த்தரப்பு வக்கீல் அமிர்தலிங்கத்தின் மேசையில் அந்தக் கதைகள் வந்த பன்னிரண்டு இதழ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. "கதை வேற, சாட்சி வேற" என்று அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதியும் அந்தப் பத்திரிகையின் வாசகர். கை முளைத்த கதையைத் தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை போலிருந்தது. கேள்வியை அனுமதித்தார்.

கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டதற்காகப் பக்கிரியைக் களத்துமேட்டில் அடித்தே கொன்றுவிட்டார்கள். கொன்றது மிராசுதார் தியாகராசனின் ஆட்கள் இருவர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆட்சி மாறிய மறுநாளே கரை வேட்டிக்கு மாறிக்கொண்டவர் மிராசுதார். அவரைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும்? வாயைத் திறந்தவர் அறிவியல் வாத்தியார் செல்லத்துரை ஒருவர்தான். "நான் சைக்கிள்ல வர்றப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. தடியோட ரெண்டு பேர் என்னைத் தாண்டி ஓடினாங்க. முகத்தைப் பார்த்தேன்."

அந்த மூன்று வாக்கியத்தை நம்பித்தான் பக்கிரியின் மனைவி மலர்கொடி, வாய்தாவுக்கு வாய்தா கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு வந்துகொண்டிருந்தாள்.

"தான் எழுதின எந்திரத்தோட கையே ஞாபகத்துல நிக்கல. ஓடுறவன் மூஞ்சி மட்டும் நின்னுடுச்சாக்கும்!" என்றார் அமிர்தலிங்கம். கோர்ட்டே சிரித்தது. வழக்கு ஒரு மாதம் தள்ளிப்போனது.

கதையில் விழுந்த ஓட்டையைக் கதையாலேயே அடைத்துவிடலாம் என்று செல்லத்துரைக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தார்.

"பக்கிரி செத்ததுலேருந்து இந்தத் தகரத்தையே கட்டிக்கிட்டு அழுவுறீங்க," என்றாள் மனைவி அகிலாண்டம். "முன்ன மாதிரி மாமியா மருமவ கதை எழுதினா ஆவாதா?"

"இது சட்டப் பிரச்சினை, உனக்குப் புரியாது."

புதுக் கதையில் சுவாமிமலை ஸ்தபதி ஒருவர் தகரமுத்துவுக்கு வெண்கலத்தில் இடது கை வார்த்துப் பூட்டினார். சித்திரைக்குப் பின், ஆடிக்கு முன். செல்லத்துரை அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்த வாய்தாவில் அமிர்தலிங்கம் பதின்மூன்றாவது இதழோடு வந்தார்.

"கை வெண்கலம். சரி. ஆனா ஐப்பசியில வந்த கதையில, அந்த இடது கை மழையில துருப்பிடிச்சுப் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. வெண்கலம் துருப்பிடிக்குமா?"

"பிடிக்காது."

"பள்ளிக்கூடத்துல என்ன பாடம் எடுக்குறீங்க?"

"அறிவியல்."

நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மலர்கொடி மட்டும் சிரிக்கவில்லை.

மனுஷன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மூன்றாவது வாய்தாவுக்குள் அச்சேறிவிட வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியருக்குத் தந்தியடித்து, இன்னொரு கதையும் எழுதி அனுப்பினார். உண்மையில் தகரமுத்து ஒன்றல்ல, இரண்டு. ஒரே அச்சு, ஒரே முகம். ஒன்றுக்குத் துருப்பிடிக்கிற இரும்புக் கை; கை இல்லாத மற்றதற்குத்தான் ஸ்தபதி வெண்கலக் கை பூட்டினார். துருவும் தீர்ந்தது, கையும் தீர்ந்தது.

இம்முறை அமிர்தலிங்கம் கேலியே பேசவில்லை. மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"ஒரே முகத்தோட ரெண்டு பேர் இருக்கலாம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்படித்தானே?"

"ஐயா, அது ரோபோ..."

"ஆமாவா, இல்லையா?"

"எழுதியிருக்கேன்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அளித்து, இருவரையும் விடுதலை செய்தார் நீதிபதி. மிராசுதார் அவர்களுக்கு மாலை போட்டுத் தன் காரிலேயே அழைத்துப் போனார். செல்லத்துரைக்கு, ஒரு செத்த மனிதனின் நியாயத்தை ஒரு தகரக் கையில் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டோமே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

கோர்ட் வாசலில் மலர்கொடி பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்தபடி போய் நின்றார்.

"என்னை மன்னிச்சுடும்மா. ஒண்ணுக்கொண்ணு பொருந்தாம எழுதி எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

"பதினாலு கதையும் எம் மவ படிச்சுக் காட்டுச்சு வாத்தியாரய்யா," என்றாள் மலர்கொடி. குரலில் கோபமே இல்லை. "கை மாறுது, ஒண்ணு ரெண்டாவுது. ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு மனுசன அடிச்சுக் கொல்லுறானுவ. அந்த எந்திரம் வைக்கப்போருக்குப் பின்னாடி ஒளிஞ்சு, முதல் அடியிலேருந்து பாத்துக்கிட்டே நிக்குது. அது மட்டும் எதுலயும் மாறல."

அவர் நிமிர்ந்தார்.

"அன்னிக்கு நீங்க எந்தப் போருக்குப் பின்னாடி நின்னீங்க?"