சாட்சி சொன்ன பித்தளைக் குண்டு

அன்றைக்கு எங்கள் நீதிமன்றத்தில் நிற்கக்கூட இடமில்லை. ஜன்னல் கம்பியில் வேறு ஆட்கள் தொங்கினார்கள். இங்கே சுருக்கெழுத்து எடுக்கிறவன் நான். கொலை வழக்குக்கே கொட்டாவி விட்டுக்கொண்டு நாலு பேர்தான் வருவார்கள். அன்றைக்கோ ஊரே திரண்டிருந்தது. ஏன் தெரியுமா? ஒரு பித்தளைக் குண்டு சாட்சி சொல்லப் போகிறதாம்!

நூலில் கட்டிய அந்தக் குண்டுக்குச் சொந்தக்காரர் ஊசல்காரர். அதை ஊசல்போல் ஆடவிட்டே தொலைந்த மோதிரம், ஓடிப்போன மருமகன் எல்லாம் கண்டுபிடித்துக் கொடுப்பார். கட்டணம் என்று சல்லிக்காசு தொடமாட்டார். "ஆற்றல் ஈடு" மட்டும் வாங்கிக்கொள்வார். அந்த ஈட்டில் வீடு இரண்டு மாடி எழும்பிவிட்டது. மூன்றாவதற்கு ஆற்றல் சேர்ந்துகொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். தையல் தொழிற்சாலைக் கிடங்கில் தீப்பிடித்தது. முதலாளிக்குத் துணி வெட்டுகிறவர்மேல் சந்தேகம். கிடங்கில் ஒயர் பழுது என்று முதலாளியிடம் எதிர்த்துப் பேசியவர் அவர். இன்ஸ்பெக்டர் ஊசல்காரரை அழைத்து வந்து, தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தினார். துணி வெட்டுகிறவருக்கு முன்னால் குண்டு ஆடு ஆடென்று ஆடியது. அவ்வளவுதான், வேறு சாட்சியும் இல்லை, தடயமும் இல்லை. மனுஷன் பல வருஷம் உள்ளே போகப் போகிறார். அவர் மனைவி முன்வரிசையில் அழுது ஓய்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

துணி வெட்டுகிறவரின் வக்கீல் ஒரு மனோதத்துவப் பேராசிரியையைக் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாள் ஊசல்காரரிடம் கேட்டார்.

"ஐயா, உங்க குண்டு எப்பவும் ஆடுமா?"

"மனசு ஒன்றணும்மா. புகார் கொடுத்தவரும் இன்ஸ்பெக்டரும் என் எதிர்ல நிக்கணும். அவங்க நினைப்புதான் குண்டுக்கு உயிர்."

"அவங்க இல்லேன்னா?"

"குண்டு தூங்கிடும்."

கூட்டம் கை தட்டியது. தூங்குகிற குண்டுக்குக் கைதட்டல், கேட்டுக்கொள்ளுங்கள்.

"அப்ப அவங்க தாராளமா நிக்கட்டும்," என்ற பேராசிரியை, நீதிபதியிடம் போய் மெல்ல ஏதோ சொன்னார். நீதிபதி மீசைக்குள் சிரித்துக்கொண்டே இடைவேளை விட்டார்.

திரும்பி வந்து பார்த்தால், ஐந்து பேர் தலையிலிருந்து கால்வரை போர்வை போர்த்தி வரிசையாக நிற்கிறார்கள். குற்றவாளிக் கூண்டு காலி. நீதிபதி நாற்காலியும் காலி.

"ஐயா இன்னும் டீ குடிச்சு முடிக்கல போல," என்றார் என் பக்கத்தில் நின்ற டவாலிச் சேவகர்.

பேராசிரியை முதலாளி காதிலும் இன்ஸ்பெக்டர் காதிலும் ஒரு வார்த்தை சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள். ஊசல்காரர் குண்டைத் தூக்கினார். முதல் போர்வைக்கு முன்னால் அசைவில்லை. இரண்டாவதிடம் வந்ததும் முதலாளியின் கண் விரிந்தது, இன்ஸ்பெக்டரின் கழுத்து நீண்டது. குண்டு பேயாட்டம் ஆடியது.

"இவன்தான். தீ வச்ச கை இந்தக் கைதான்," என்றார் ஊசல்காரர்.

போர்வையை இழுத்தார்கள். உள்ளே நீதிபதி.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே அவர் சொன்னார்: "ஏம்ப்பா, எங்க வீட்டு அடுப்பைப் பத்தவைக்கவே என் மனைவி என்னை நம்ப மாட்டா."

அதற்குள் நீதிபதியின் அறையிலிருந்து டீ கிளாஸோடு துணி வெட்டுகிறவர் வெளியே வந்தார். கூட்டத்தில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

பேராசிரியை விளக்கினார். "ரெண்டாவது ஆள்தான் துணி வெட்டறவர்னு இவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிவச்சேன். நம்பிட்டாங்க. அவங்க பார்வை அங்க போச்சு. இவர் அவங்க மூஞ்சியப் பாத்து ஆட்டினார். பதில் தெரிஞ்சவர் எதிர்ல நின்னா, வாய் திறக்காமலே பதில் சொல்லிடுவார். இதை நாங்க எத்தனையோ ஆராய்ச்சியில பாத்தாச்சு."

"நான் ஒண்ணும் செய்யலையேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், பாவமாக.

"அதைத்தான் சொல்றேன். செய்யறது உங்களுக்கே தெரியாது."

போர்வை ஆற்றலைத் தடுத்துவிட்டது என்று ஊசல்காரர் முனகிப் பார்த்தார். எடுபடவில்லை. அவர்மேல் மோசடி வழக்கு போடச் சொல்லி உத்தரவானது. துணி வெட்டுகிறவருக்கு விடுதலை. குண்டு சாட்சியாகாது; யார்மேல் சந்தேகம் என்று தெரிந்த எவரும் அடையாள அணிவகுப்பு நடக்கும் அறையில் இருக்கக் கூடாது. இப்படிப் போனது தீர்ப்பு. இன்றைக்கு மற்ற நீதிமன்றங்களும் அதை எடுத்துக் காட்டுகின்றன. அதை எழுதிய கை என்னுடையது என்பதில் எனக்கு ஏகப் பெருமை.

எல்லாம் சுபம் என்று எழுந்தால், ஜன்னலில் தொங்கிய ஒருவர் இறங்கி ஓடி வந்து பேராசிரியையை மறித்தார்.

"அம்மா, அந்த ரெண்டாவது போர்வை கிடைக்குமா? குண்டையே ஏமாத்தின போர்வையாச்சே. என் பையனுக்கு வேலை கிடைக்கணும்."

"எனக்கும்," என்றது கூட்டம்.

பேராசிரியை துணி வெட்டுகிறவர் பக்கம் திரும்பினார். அவர் போர்வையைக் கையில் வாங்கினார்.

"கத்தரி குடுங்கம்மா. ஆளுக்கு ஒரு துண்டு வெட்டித் தர்றேன். எல்லாரும் முதல்ல கண்ணைத் துடைச்சுக்கட்டும்."

அவர் மனைவி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். நானும் ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன். உங்களுக்கும் வேண்டுமென்றால் தருகிறேன். கடைசியாக யாரிடம் ஆற்றல் ஈடு கட்டினீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.